தொண்ணூற்றொன்று பகா எண் அல்ல

இடது கையில் சுண்ணாம்புத் தண்ணீர் வாளி, வலது கையில் தென்னை மட்டைத் துண்டு. ரோஸ்லின் டீச்சர் மைதானத்தின் நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றிப் பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகத் தொண்ணூற்றொரு பெண்கள். முந்தின நாள் மழையில் இளகிய செம்மண் எல்லார் கால் விரலிடுக்கிலும் அப்பியிருக்கிறது. சுதந்திர தினத்துக்கு இன்னும் பதினைந்து நாள்.

"இன்னா கணக்கு டீச்சர், தொண்ணூத்தியோரு பேரு கீறாங்க. எத்தினி வரிசயா நிக்க வெக்கலாம்? சொல்லிட்டுப் போங்க."

நான் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிற்கக்கூட இல்லை. நடந்தபடியே சொன்னேன்.

"தொண்ணூத்தியொண்ணு பகா எண் டீச்சர். எப்பிடி நிக்க வெச்சாலும் வரிச வராது. ஒருத்திய எடுத்துடுங்க. தொண்ணூறுன்னா பத்துப் பத்தா ஒம்போது வரிச."

கணக்கு மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாததுதான் பகா எண். அப்படிப்பட்ட எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தால் சரிசமமான வரிசைகளாக நிறுத்த முடியாது. அதைத்தான் பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டுப் போனேன்.

பெண்கள் உயர வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் நின்ற குள்ளப் பெண்ணை ரோஸ்லின் டீச்சர் தோளைத் தொட்டு வெளியே எடுத்தார். ஏழாம் வகுப்பு பச்சையம்மா. மலைமேல் கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஆஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண்.

அவள் என்னைப் பார்த்து, "டீச்சர்…" என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"கணக்கெல்லாம் அப்புறம். போய் அந்தத் தண்ணிப் பானகிட்ட நில்லு. ஆடற புள்ளைங்களுக்கு மொண்டு குடு" என்றேன்.

அவள் போய் வேப்பமரத்தடியில் நின்றாள்.

பஸ்ஸில் கற்ற பாட்டு

நான் எப்படி அந்தத் தப்பைச் செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வயதாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம். உயர்நிலைப் பள்ளிக்குக் கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் வருவேன். இரண்டு பக்கமும் கரும்பு. உட்கார இடம் கிடைத்ததே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் குலுக்கலுக்குத் தகுந்த மாதிரி பகா எண்களைப் பாட்டாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அறுபத்தொன்று, அறுபத்தேழு. எழுபத்தொன்று, எழுபத்துமூன்று, எழுபத்தொன்பது. எண்பத்துமூன்று, எண்பத்தொன்பது.

இதுவரைக்கும் சரிதான். அதற்கு மேல் நூறு வரைக்கும் பாக்கி இருப்பது தொண்ணூற்றேழு ஒன்றுதான். ஒற்றை எண்ணோடு பாட்டு பொசுக்கென்று முடிவது எனக்குப் பிடிக்கவில்லை. எந்த நாளில் என்று தெரியாது, என்னை அறியாமலே அதற்குத் துணையாகத் தொண்ணூற்றொன்றைச் சேர்த்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றேழு. தாளம் அழகாக உட்கார்ந்துவிட்டது.

பார்த்தாலும் அது பகா எண் மாதிரியேதான் இருக்கும். இரட்டைப்படை இல்லை. ஐந்தில் முடியவில்லை. ஒன்பதையும் ஒன்றையும் கூட்டினால் பத்து, ஆகவே மூன்றாலும் போகாது. பதினொன்றுக்கும் அசையாது. மிச்சம் ஏழு மட்டும். ஏழால் வகுபடுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எங்களுக்கு யாரும் சுலபமான வழி சொல்லித் தரவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டையும் ஏழு பன்னிரண்டு எண்பத்து நான்கோடு நிறுத்திவிடுவோம். அடுத்த படியில்தான் அது உட்கார்ந்திருந்தது. ஒரு படி ஏறிப் பார்த்திருந்தால் போதும், நான் ஏறவில்லை.

கல்லூரியில் கணக்குப் படித்து, பி.எட். முடித்து, வேலையும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சொல்வதை யார் வகுத்துப் பார்க்கப் போகிறார்கள்? எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

அந்த அம்மா கேட்ட ஒன்று

பச்சையம்மாவைப் பள்ளியில் சேர்த்த அன்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் நான்தான். பள்ளி திறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, கச்சிராயபாளையத்தில் பஸ் பிடித்து, மகளோடு வந்து நின்றார் அந்த அம்மா. மரவள்ளிக் காட்டில் கூலிக்குக் களை வெட்டுகிறவர். கையில் ஒரு பலாப்பழம். ஆபீஸ் ரூம் முழுக்க அந்த வாசனை.

போன வருஷம் வேறொரு ஊரில் சேர்த்திருக்கிறார். மலையிலிருந்து வந்த பிள்ளை என்று சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார வைத்தார்களாம். பாதியிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"படிப்பு வருதோ வரலியோ டீச்சர், அத அப்பால பாத்துக்கலாம். எல்லா புள்ளைங்களோடயும் சேத்து நிக்க வெப்பீங்களா?"

"அதெல்லாம் வெப்போம்மா. நான் பாத்துக்கறேன்."

"சொதந்தர நாளுக்கு வூட்டு ஆளுங்க வந்து பாக்கலாமாமே. நான் வருவேன். எம் பொண்ணு தனியா நின்னுக்கினு இருந்தா அப்பிடியே கையப் புடிச்சிக் கூட்டிக்கினு பூடுவேன். மறுக்கா படிக்க வுட மாட்டேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

ஆகவே வேப்பமரத்தடியில் பானைக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பார்த்தேன். பார்த்தபோதெல்லாம், நான் என்ன செய்வது, எண் அப்படி அமைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். எண்ணின் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

கதவுக்குப் பின்னால்

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆஸ்டல் பிள்ளைகளுக்கு ரிப்பன் கொடுக்கப் போனேன். சமையல்கார குப்பம்மா உலைக்கு அரிசி எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் இருந்தார். பேசிக்கொண்டே நானும் உள்ளே போனேன். அவர் கதவை முக்கால்வாசி சாத்தியபோது அதன் பின்பக்கம் தெரிந்தது. கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது.

"இது யார் கிறுக்குனது?"

"வேற யாரு, அந்த மலப்புள்ளதான். வந்த அன்னிக்கே மொத்தக் கோட்டையும் போட்டுட்டா. காலையில எந்திரிச்சா மொத வேல இங்க வந்து ஒரு கோட்ட குறுக்கால அடிக்கிறதுதான். காலாண்டு லீவு வரிக்கும் எண்ணிக்கினு கீறா. அழிக்க மனசு வரல எனக்கு."

நான் கணக்கு டீச்சர் இல்லையா? கோடுகளைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒரு வரிசையில் ஏழு கோடு. எல்லா வரிசையிலும் ஏழுதான். வரிசைகளை எண்ணினேன். பதிமூன்று. ஏழு வரிசை அடித்து முடித்து, எட்டாவதில் கடைசி ஒன்று மட்டும் அடிபடாமல் இருந்தது.

பதிமூன்று ஏழு.

விரலை வைத்து, குழந்தை எண்ணுவது போல, முதலிலிருந்து ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொண்ணூற்றொன்று. விரல் நுனியெல்லாம் கரி.

பச்சையம்மா வெளியே புளி உருட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். திட்டப் போகிறேன் என்று நினைத்துச் சுவரோரமாக ஒட்டி நின்றாள்.

"ஏம்மா ஏழு ஏழா போட்டிருக்க?"

"எங்க பக்கம் சந்த வாரத்துக்கு ஒரு நாளு டீச்சர். பதிமூணு சந்த போனா வந்து கூட்டிக்கினு போறேன்னாங்க எங்கம்மா. அதான்."

"அன்னிக்கு மைதானத்துல உனக்கு இது தெரியுமா?"

தலையை ஆட்டினாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன் டீச்சர். கணக்கெல்லாம் அப்புறம்னு சொன்னீங்க."

குப்பம்மா முறத்தோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. நான் பாட்டின் தாளத்துக்காகத் தெரிந்துவைத்திருந்த எண்ணை, இந்தப் பெண் வீட்டு நினைப்பில் ஒவ்வொரு நாளாக வாழ்ந்து தெரிந்துவைத்திருந்தாள்.

குரோட்டன்ஸ் தொட்டி

நேராக ரோஸ்லின் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து விசிலுக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் கொஞ்சம் ஆகாது. கணக்கு டீச்சருக்கு மூக்கு நுனியில் திமிர் என்று ஸ்டாஃப் ரூமில் அவர் சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அது உண்மையும்கூட.

"தப்பு சொல்லிட்டேன் டீச்சர். தொண்ணூத்தியொண்ணு பகா எண் இல்ல. பதிமூணு பதிமூணா ஏழு வரிச வரும்."

அவர் விசிலைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நாளைக்கு வெடிஞ்சா விழா. பத்துப் பத்தா நின்னு பதினஞ்சு நாளு பழகிட்டாங்க. இப்ப பதிமூணுன்னா ஒருத்தி பேச்ச ஒருத்தி கேக்க மாட்டா, மொத்தமும் கலஞ்சி பூடும். வரிசய நான் மாத்த மாட்டேன் டீச்சர்."

அவர் சொன்னது நியாயம். ஏழு பதிமூன்று என்று இப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"கடைசியில ஒரு பூ மாதிரி நிக்க வெப்பீங்களே, அதுல எப்பிடி?"

"அது சுத்துச் சுத்தா. உள்ள ஆறு பேரு. அத்த சுத்தி பன்னெண்டு. அப்பால பதினெட்டு, இருவத்தி நாலு, கடேசி முப்பது. கணக்குப் போட்டு வெக்கல, ஆள நிக்க வெச்சு காலடியால அளந்து பாத்தேன். ஒவ்வொரு சுத்துக்கும் ஆறு ஆறு ஜாஸ்தியா வந்துது."

மனசுக்குள் கூட்டினேன். ஆறும் பன்னிரண்டும் பதினெட்டு. இன்னொரு பதினெட்டு, முப்பத்தாறு. அறுபது. தொண்ணூறு.

"அப்ப நடுவுல?"

"நடுவுல ஓட்டையா இருந்துது. பெரிய டீச்சர் வளக்கற குரோட்டன்ஸ் செடித் தொட்டிய வெச்சிருக்கேன். நீங்கதான தொண்ணூறுன்னீங்க?"

நான் அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாணயத்தைச் சுற்றி அதே அளவு நாணயங்களை நெருக்கி வைத்தால் சரியாக ஆறு நிற்கும். அதைச் சுற்றி பன்னிரண்டு. இப்படி ஐந்து சுற்று வைத்தால் தொண்ணூறு, நடுவில் உள்ளது ஒன்று. தொண்ணூற்றொன்று பூவாகவே விரிகிற எண். பதினைந்து நாளாக அந்தப் பூ தன் நடுவை இழந்து நின்றிருக்கிறது. நான் அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தேன்.

ரோஸ்லின் டீச்சருக்குச் சொன்னேன். அவர் விசிலில் புதுக் கயிற்றை முடிந்தார்.

"வரிச நேரத்துல அது வெளியதான் நிக்கணும். விசில் அடிச்சி சுத்து மூடறதுக்குள்ள ஓடி வந்து நடுவுல நின்னுடணும். நின்னுடுவாளா?"

"நின்னுடுவா."

பிறகு பெரிய டீச்சரிடம், அதாவது தலைமை ஆசிரியையிடம், சொல்லப் போனேன். கணக்கில் தப்பு செய்துவிட்டேன் என்றேன். "நீயா?" என்றார். அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கடைசியில் அவர் வருத்தப்பட்டது என் தப்புக்காக அல்ல, குரோட்டன்ஸுக்காக. அதை மேடைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று சமாதானம் செய்துவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். அதற்குப் பிறகு எனக்குத் தொண்ணூற்றொன்றின் மேல் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. ஒன்றிலிருந்து பதிமூன்று வரைக்கும் வரிசையாகக் கூட்டிப் பாருங்கள், தொண்ணூற்றொன்று வரும். ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து, முப்பத்தாறு என்ற ஆறு வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுதான். அதாவது எலுமிச்சம்பழத்தை அடியில் ஆறுக்கு ஆறாக வைத்துக் கோபுரமாக அடுக்கினால் உச்சிப் பழத்தோடு தொண்ணூற்றொன்று. மூன்றின் கனமும் நான்கின் கனமும் சேர்ந்தாலும் அதுவே. ஆறின் கனத்திலிருந்து ஐந்தின் கனத்தைக் கழித்தாலும் அதுவே. ஒரு எண்ணுக்குள் இத்தனை பேர் சேர்ந்து குடியிருக்கிறார்கள். எதனோடும் சேராத எண் என்று அதைத்தான் நான் ஒதுக்கி வைத்திருந்தேன்.

சுற்று மூடுவதற்குள்

மறுநாள் கொடி ஏற்றியாயிற்று, மிட்டாய் கொடுத்தாயிற்று. பச்சையம்மாவின் அம்மாவைக் காணோம். பஸ் தவறியிருக்கும் என்று நினைத்தேன். எனக்குள் ஒரு கோழை, வராமலே இருந்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

வரிசைப் பயிற்சி தொடங்கியது. ஒன்பது வரிசை, பத்துப் பத்தாக. பச்சையம்மா புது ரிப்பனோடு வேப்பமரத்தடியில், பழைய இடத்தில், விசிலுக்குக் காத்துக்கொண்டு தனியாக நின்றாள்.

அப்போதுதான் கேட்டுக்குள் வந்தார் அந்த அம்மா. தலையில் ஒரு சின்ன மூட்டை. மைதானத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாகக் கண்ணால் தேடினார். பிறகு மரத்தடியைப் பார்த்தார். மூட்டையை இறக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. விருந்தினர் நாற்காலிகளுக்கு முன்னாலேயே நடந்து மரத்தடிக்குப் போய் மகளின் கையைப் பிடித்தார்.

நான் ஓடினேன். புடவை தடுக்கியது. சேர்வதற்குள் மகளை இழுத்துக்கொண்டு நாலு எட்டு கேட் பக்கம் வந்துவிட்டார்.

"வுடுங்க டீச்சர். நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. என் தப்பும்மா. உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. நான்தான் கணக்குத் தெரியாம தப்பா எண்ணி வெளிய நிறுத்திட்டேன்."

"டீச்சருக்கே கணக்குத் தெரியாதா?"

"தெரியல. உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியல."

பின்னால் ரோஸ்லின் டீச்சரின் விசில் நீளமாகக் கேட்டது. வரிசைகள் உடைந்து, பெண்கள் சுற்றுகளாக வளையத் தொடங்கினார்கள். ஆறு பேர் நின்றாயிற்று. பன்னிரண்டு பேர் நின்றாயிற்று. நடுவில் தொட்டி இல்லாத வெற்றிடத்தில் நேற்று வைத்த சுண்ணாம்புப் புள்ளி மட்டும் தெரிந்தது.

பச்சையம்மா அழவில்லை. அம்மாவின் பிடிக்குள் இருந்த கையைப் பார்த்தாள், சுற்றைப் பார்த்தாள்.

"அவ எந்த எடத்துல நிக்கணும்?" என்றார் அந்த அம்மா.

"அதோ, நடுவுல. அந்த வெள்ளப் புள்ளி."

"அங்க வேற ஆளு இல்லியா?"

"இல்லம்மா. அது அவ எடம்."

இருபத்து நான்கு பேர் நின்றுவிட்டார்கள். வெளிச்சுற்று முப்பது பேர் கை கோக்க வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா இன்னும் பிடியை விடவில்லை. என் முகத்தையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கு அது ஒரு பீரியடு போல இருந்தது. பிறகு விட்டார்.

பச்சையம்மா ஓடினாள். வெளிச்சுற்றில் கோத்த இரண்டு கைகளுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். அப்புறம் அவள் தெரியவில்லை. சுற்றுகளெல்லாம் உட்கார்ந்து, உள்பக்கமாகக் கை நீட்டியபோதுதான் நடுவில் அந்தக் குள்ளப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

எனக்குத் திடீரென்று பயம் வந்தது. இதுவும் தனியாக நிற்பதுதானே? அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

"தனியா நிக்கலியே" என்றார். "சுத்தி எல்லாரும் கீறாங்க."

மூட்டையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு இருந்தது. ரோஸ்லின் டீச்சரும் நானும் ஒரே இலையிலிருந்து எடுத்துத் தின்றோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஆகாமல் போனதில்லை. அந்த அம்மா சாயங்கால பஸ்ஸில் தனியாகத் திரும்பிப் போனார்.

காலாண்டு விடுமுறைக்குப் போன பச்சையம்மா திரும்பி வருவாளா என்று எனக்கு உள்ளூர ஒரு கவலை இருந்தது. பள்ளி திறந்த அன்று மத்தியானமே ஆஸ்டலுக்குப் போய் ஸ்டோர் ரூம் கதவை இழுத்துப் பார்த்தேன். குப்பம்மா பழைய கோடுகளை ஈரத் துணியால் துடைத்திருந்தார். அந்த இடத்தில் புதிதாகக் கரிக் கோடுகள். வந்துவிட்டாள். ஆனால் கொஞ்சம்தான் இருந்தன. பதினொன்று.

"என்னம்மா, அரையாண்டு லீவுக்குப் பதினோரு நாள்தானா இருக்கு?" என்றேன்.

"இந்த வாட்டி நாள எண்ணல டீச்சர்" என்றாள் பச்சையம்மா. "சந்தைய மட்டும் எண்ணுறேன். அது போதும்."

பதினொன்று பகா எண். இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டிலிருந்து பத்து வரைக்கும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்துக்கொண்டேன்.